பச்சோந்திக் கூண்டு: முதலில் இரவைச் சரிசெய்யுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. டொராண்டோ பக்கம் வசிக்கும் ஒருவர் மகனின் பிறந்தநாளுக்கு மூன்று மாத யேமன் பச்சோந்தி ஒன்றை வாங்கியிருக்கிறார். அதோடு கடையில் கொடுத்த சாமான்கள்: இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, சுருள் வடிவ யுவி பல்பு, இரவுக்கு ஒரு சிவப்பு பல்பு, தரையில் பரப்ப மரச்சீவல், தண்ணீர்க் கிண்ணம், ஒரு பிளாஸ்டிக் கொடி. இரண்டு வாரமாக அது தண்ணீர் குடித்து யாரும் பார்க்கவில்லை. எப்போதும் கருத்த நிறத்தில் இருக்கிறது, பகலிலும் அடிக்கடி கண்ணை மூடிக்கொள்கிறது. நல்ல கூண்டு எப்படி அமைப்பது என்று கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: ஊரில் அக்கா மகன் தோட்டத்தில் பிடித்து வைத்திருக்கும் பச்சோந்தியையும் இதே மாதிரி வளர்க்கலாமா?

கூண்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம். பச்சோந்திக்குப் பகல் தூக்கம் கிடையாது. விளக்கு எரியும்போது கண்ணை மூடினால் அதற்கு உடம்பு சரியில்லை, அல்லது கடுமையாகத் தண்ணீர் தாகத்தில் இருக்கிறது, அல்லது அந்தச் சுருள் பல்பின் ஒளி கண்ணை உறுத்துகிறது. எது என்று இங்கிருந்தே சொல்ல முடியாது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். நாய் பூனை மட்டும் பார்ப்பவரிடம் போனால் பயன் குறைவு, அதனால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது புதிதாகப் போட்ட எச்சத்தையும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், குடற்புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். எச்சத்தில் ஒரு வெள்ளைப் பகுதி இருக்கும், அதை நீங்களே கவனிக்கலாம். வெள்ளையாக இருந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. நன்றாக ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தால் வறண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

புதுக் கூண்டு வர நாலைந்து நாள் ஆகலாம். அதுவரை இன்று இரவே செய்யக்கூடியவை சில உண்டு. சிவப்பு பல்பைக் கழற்றி வைத்துவிடுங்கள், இனி அது வேண்டவே வேண்டாம். மரச்சீவலை முழுக்க எடுத்துவிட்டு வெறும் பேப்பர் டவல் போடுங்கள். தொட்டியின் மூன்று பக்கக் கண்ணாடியை வெளிப்புறம் அட்டையால் மறையுங்கள். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை அது இன்னொரு பச்சோந்தி என்றே எண்ணும். நாள் முழுக்க எதிரி முன்னால் நிற்கும்போது நிறம் எப்படித் தெளியும்? அப்புறம், காலையில் விளக்குப் போடுவதற்கு முன் இலைகளில் சொட்டுச் சொட்டாக வழியும்வரை இரண்டு நிமிடம் தண்ணீர் தெளியுங்கள். தெளித்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் அது குடிக்காது.

சரி, இனி கூண்டு. நான் யேமன் பச்சோந்திகளை 11 வருடமாக வளர்க்கிறேன். இவ்வளவு நாளில் எனக்குப் புரிந்தது, பெரும்பாலானோர் பகலை ஓரளவு சரியாக அமைத்துவிடுகிறார்கள், இரவைத்தான் கோட்டை விடுகிறார்கள். பகலுக்கு வேண்டிய விளக்கும் வெப்பமும் கடையில் பெட்டியாக விற்கிறது. இரவுக்கு வேண்டியவை குளிர்ச்சி, ஈரம், இருட்டு. இதில் இருட்டை யாரும் விற்பதில்லை, அதற்குப் பதிலாகச் சிவப்பு பல்பைத்தான் விற்கிறார்கள்.

இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். யேமன் என்றதும் நமக்குப் பாலைவனம் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பச்சோந்தியின் சொந்த இடம் யேமனின் மேற்குப் பக்க மலைச்சரிவுகளும், அதை ஒட்டிய தென்மேற்கு சவூதியும். தாயிஸ், இப் (Ibb) போன்ற மலை நகரங்கள் இருக்கும் பகுதி அது. இப் நகரம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அரேபியத் தீபகற்பத்திலேயே நல்ல மழை பெறும் இடங்களில் ஒன்று. படிப்படியாக வயல்கள், காபித் தோட்டங்கள், ஓடைக்கரைப் புதர்கள் என்று பச்சையாக இருக்கும். அங்கே பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று வறண்டு இருக்கும். பொழுது சாய்ந்தால் மலைக்குளிர் இறங்கும். பின்னிரவில் பனி படிந்து விடியும்போது இலையெல்லாம் நனைந்திருக்கும். மழையே இல்லாத மாதங்களிலும் பச்சோந்திக்குத் தண்ணீர் கிடைப்பது இந்தப் பனியால்தான். இரவு முழுக்க ஈரக்காற்றைச் சுவாசித்துக்கொண்டு தூங்குகிறது, விடிந்ததும் இலையில் நிற்கும் துளிகளை நக்குகிறது, பிறகு வெயில் காய்கிறது. உங்கள் வீட்டில் அது தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்காததற்குக் காரணமும் இதுதான். தேங்கி அசையாமல் கிடக்கும் தண்ணீரைத் தண்ணீராகவே அது அடையாளம் காண்பதில்லை. மினுங்கும் துளிதான் அதற்குத் தண்ணீர்.

நாம் அமைக்கப் போகும் கூண்டு அந்த மலைச்சரிவின் ஒரு புதர். இதை மனதில் வைத்துக்கொண்டால், சந்தேகம் வருகிற இடத்தில் எல்லாம் விடை தானாகவே கிடைக்கும்.

புதர் உயரமானது, அதனால் கூண்டும் உயரமாக இருக்க வேண்டும். வளர்ந்த யேமன் பச்சோந்திக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம் குறைந்தபட்ச அளவு. ஆண் வால் நுனிவரை 60 செ.மீ. அளவுக்கும் வளரலாம் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். குட்டி என்பதற்காக முதலில் சின்னக் கூண்டு, பிறகு பெரியது என்று இரண்டு தடவை செலவு செய்யத் தேவையில்லை. உள்ளே செடி அடர்த்தியாக இருந்தால் மூன்று மாதக் குட்டி பெரிய கூண்டிலும் நிம்மதியாக இருக்கும், தீனியை மட்டும் ஒரே இடத்தில் வைக்கப் பழக்கினால் போதும்.

வலையா கண்ணாடியா என்பது அடுத்த கேள்வி. அலுமினிய வலைக் கூண்டில் காற்று தாராளமாக ஓடும், அதனால் வழக்கமாக அதைத்தான் சொல்வோம். ஆனால் கனடாவில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும், நான்கு பக்கமும் வலையாக இருந்தால் நீங்கள் கொடுக்கும் ஈரம் பத்தே நிமிடத்தில் அறைக்குள் கலந்து போய்விடும். பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டுகளையும் கெட்டியான பிளாஸ்டிக் தாளால் மூடி, முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியையும் மேல்கூரையையும் வலையாக விட்டால் இரண்டும் கிடைக்கும். கீழே நுழையும் காற்று சூடாகி மேலே போகும், காற்றோட்டம் நிற்காது. எல்லாப் பக்கமும் அடைத்த தொட்டியில் அப்படி ஓடாது. காற்று புழுங்கி, ஈரம் தேங்கி, சளி பிடித்து அது நுரையீரல் வரைக்கும் போகும்.

கூண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதற்கும் கூண்டு அளவுக்கே முக்கியத்துவம் உண்டு. தரையில் வைக்காதீர்கள். உறுதியான மேசை அல்லது அலமாரி மேல் வைத்து, அது வழக்கமாக உட்காரும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வரும்படி பாருங்கள். மரத்தில் வாழும் பிராணிக்கு மேலேயிருந்து வருவதெல்லாம் பருந்துதான். நீங்கள் அன்போடு குனிந்து பார்த்தாலும் அதற்குப் பருந்தாகவே தெரியும். டிவிக்குப் பக்கத்தில், சமையலறைப் புகை வரும் இடத்தில், ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் துவாரத்துக்கு எதிரில் வைக்க வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த அறையின் மூலை நல்லது, இரண்டு பக்கச் சுவரும் அதற்குத் தைரியம் கொடுக்கும். வீட்டில் பூனை இருந்தால் அந்த அறைக்கதவை எப்போதும் சாத்தியே வையுங்கள்.

இப்போது உள்ளே வருவோம். எனக்குப் பிடித்த வேலை இதுதான், அவசரப்படாமல் ஒரு நாள் முழுக்கச் செய்யலாம். பச்சோந்தியின் பாதத்தைக் கவனித்திருப்பீர்கள். ஐந்து விரல்களும் இரண்டு கட்டாகச் சேர்ந்து ஒரு இடுக்கி மாதிரி இருக்கும். முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் அப்படியே மாறி இருக்கும். சமதரையில் நடக்கும் கால் இல்லை இது, கிளையைப் பற்றிக்கொள்ளும் கால். அதனால் கூண்டுக்குள் நெடுக்கும் குறுக்குமாகக் கிளை வேண்டும். உண்மையான மரக்கிளைதான் நல்லது. பிசின் வழியாத மரத்தில், மருந்து அடிக்காத இடத்தில் எடுத்து, கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம்வரை கலந்து இருக்கட்டும். ஒரே கனமாக இருந்தால் பாதம் ஒரே விதமாகப் பிடித்துப் பிடித்துப் புண்ணாகும். படுக்கைவாட்டில் நிறைய, சாய்வாகச் சில, செங்குத்தாக ஒன்றிரண்டு வையுங்கள். ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தொட வேண்டும், கீழிருந்து உச்சிவரை இறங்காமலே போய் வர அதற்கு வழி கிடைக்க வேண்டும். கேபிள் டை போட்டுச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டு, உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் மறுபடி கட்டுங்கள்.

செடிகள் உயிருள்ளவையாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் கொடி வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யேமன் பச்சோந்தி பூச்சி தின்பதோடு நிற்காது, இலையையும் கடிக்கும். பிளாஸ்டிக் இலையைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். நடுவில் குடை மாதிரி விரிந்த இலையுள்ள ஷெஃப்லெரா செடி ஒன்று, மேலேயிருந்து தொங்கவிட மணி பிளான்ட், இடமிருந்தால் ஒரு செம்பருத்தி. செம்பருத்தி இலையும் பூவும் இதற்கு அவ்வளவு பிடிக்கும், தின்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் செம்பருத்திக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் இலை உதிர்த்துவிடும். அதற்காக மேலே வெள்ளை எல்இடி செடி விளக்கு ஒன்று போட்டுவிடுங்கள். செடி தழைக்கும், பச்சோந்திக்கும் பகல் பகலாகத் தெரியும். அரளி, எருக்கு, டீஃபன்பேக்கியா போன்ற நச்சுச் செடிகள் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

நர்சரியிலிருந்து வந்த செடியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். இலையின் இரு பக்கமும் கழுவி, பழைய மண்ணை உதறி, உரம் கலக்காத புது மண்ணில் நட்டு, இரண்டு மூன்று வாரம் வெளியே வைத்துக் கழுவிக்கொண்டே இருங்கள். தொட்டி மண்ணின் மேல், அதன் வாயில் நுழையாத அளவுள்ள கூழாங்கற்களை அடுக்குங்கள். மண்ணை நக்கும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு.

எவ்வளவு செடி வேண்டும் என்று கேட்டால், கூண்டுக்கு எதிரில் நின்று பச்சோந்தியை ஐந்து நொடி தேட வேண்டியிருந்தால் போதுமான செடி இருக்கிறது. வாசலில் வந்ததும் பளிச்சென்று தெரிந்தால் போதவில்லை. மறைந்துகொள்ள முடியும் என்று தெரிந்த பச்சோந்திதான் துணிந்து வெளியே வந்து உட்காரும். வெறும் கூண்டில் வைத்தால் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கருத்துப் போகும்.

கருத்துப் போவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுப்புறத்தைப் பார்த்து அதே நிறத்துக்கு மாறிவிடும் என்று நாம் பள்ளியில் படித்தது பெரும்பாலும் சரியில்லை. நிறம் அதன் மனநிலையையும் உடல்சூட்டையும் காட்டுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிஷெல் மிலின்கோவிச் குழுவினர் மடகாஸ்கர் பச்சோந்திகளை ஆராய்ந்து 2015-இல் இதன் சூட்சுமத்தை வெளியிட்டார்கள். தோலுக்குள் இருக்கும் சில செல்களில் மிக நுண்ணிய குவானின் படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கியும், கிளர்ச்சி அடையும்போது விலகியும் நிற்கின்றன. அந்த இடைவெளி மாறுவதால்தான் திருப்பி அனுப்பும் ஒளியின் நிறமும் மாறுகிறது. உங்களுக்கு இதன் பயன் நேரடியானது. காலையில் விளக்குப் போட்டதும் கருத்து, உடம்பை ஒரு பக்கமாகத் தட்டையாக்கி உட்கார்ந்தால் அது சூடேற்றிக்கொள்கிறது, கவலை வேண்டாம். அரைமணி நேரத்தில் பச்சையாகிவிடும். மத்தியானமும் கருத்தே இருந்தால் குளிர்கிறது அல்லது பயப்படுகிறது, எது என்று தேடுங்கள். வெப்பமானி சரியாகக் காட்டினால், அது இருக்கும் கிளையிலிருந்து வெளியே எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். ஜன்னலில் வந்து உட்காரும் காகமாக இருக்கலாம், எதிர்ச்சுவர்க் கண்ணாடியாக இருக்கலாம்.

விளக்குக்கு வருகிறேன். இரண்டு தனித்தனி வேலைகள், இரண்டு தனித்தனி விளக்குகள். ஒன்று யுவிபி, அதாவது வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர். இது இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பில் சேராது. கால்கள் வளையும், தாடை மெத்தென்று ஆகும், நாக்கை வீசிப் பூச்சி பிடிக்க முடியாமல் போகும். வளைந்த எலும்பு பிறகு நிமிராது. சுருள் பல்பு ஒரு சின்ன இடத்துக்குத்தான் ஒளி தரும், அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூண்டின் அகலம் முழுக்க வரும் டி5 குழல் விளக்கு வாங்குங்கள். ஆர்க்கேடியா 6 சதவீதம், ரெப்டிசன் 5.0 என்று விற்கும் இரண்டு வகைக் குழல்களில் எதுவானாலும் சரி. கூரை வலையின் மேலே வைத்து, வெயில் காயும் கிளையை அதற்கு 20 முதல் 25 செ.மீ. கீழே கட்டுங்கள். அதன் முதுகு மட்டத்தில் யுவி குறியீடு 3 இருக்க வேண்டும் என்பது கணக்கு. அளக்கும் கருவி விலை அதிகம், யாரிடமாவது ஒரு நாள் இரவல் கிடைத்தால் வாங்கி அளந்துவிடுங்கள். ஜன்னல் வெயில் போதுமே என்று சிலர் கேட்பார்கள். கண்ணாடி வழியாக யுவிபி வராது, வெப்பம் மட்டும்தான் வரும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்க, யுவிபி மட்டும் மெல்ல வற்றிப் போகும்.

இன்னொன்று வெப்ப விளக்கு. சாதாரண ஹாலஜன் பல்பு போதும், ஒரு டிம்மரோடு. வெயில் காயும் கிளையில், அதன் முதுகு வரும் உயரத்தில், குட்டிக்கும் பெண்ணுக்கும் 26, 27 டிகிரி செல்சியஸ். வளர்ந்த ஆணுக்கு 29, 30. அதற்கு மேல் வேண்டாம். கூண்டின் மற்ற இடங்களில் அறை வெப்பமான 22, 23 இருந்தால் சரியாக இருக்கும், சூடு போதும் என்று தோன்றினால் அது தானாகக் கீழே இறங்கிக்கொள்ளும். ஒட்டுகிற வட்ட மானிகளை நம்பாதீர்கள், கம்பி நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் மானி வாங்கி நுனியைக் கிளையிலேயே கட்டுங்கள். பல்புக்கும் கிளைக்கும் நடுவே இடம் விடுவது கட்டாயம். ஆணின் தலைக்கொண்டை வளர வளர உயரும். போன வருடம் சரியாக இருந்த இடைவெளி இந்த வருடம் கொண்டையைச் சுடும். சூடுபட்டாலும் அது உடனே நகராது, உட்கார்ந்தே வெந்துபோன தோல்களைப் பார்த்திருக்கிறேன். விளக்குகள் எல்லாம் டைமரில் 12 மணி நேரம் எரிந்து, 12 மணி நேரம் அணைந்திருக்கட்டும். வெப்ப விளக்கு மட்டும் காலையில் நாலைந்து மணி நேரம் எரிந்தால் போதும்.

இப்போது இரவு. விளக்கணைந்த பிறகு எந்த வெளிச்சமும் கூடாது. சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், அதன் கண்ணுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். சூட்டுக்காகவும் எதுவும் வேண்டாம். இரவில் 15 முதல் 20 டிகிரி இருப்பது இந்த இனத்துக்கு நல்லது. மகன் குளிரும் என்று கவலைப்பட்டால், இது மலைநாட்டுப் பிராணி என்று சொல்லிப் புரியவையுங்கள். நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் பாசத்தால் தவறு செய்கிறோம். பச்சோந்தி என்றால் வெயில் என்று நினைத்து ராத்திரியும் சூடு கொடுக்கிறோம். இரவில் உடம்பு குளிர்ந்தால்தான் மூச்சு மெதுவாகும், நீர் இழப்பு குறையும்.

இரவிலே ஈரம் கொடுக்கும் இந்த முறையைப் பரவலாக்கியதில் செக் நாட்டுப் பச்சோந்தி ஆய்வாளர் பெட்ர் நெச்சாசுக்கும் அமெரிக்கர் பில் ஸ்ட்ராண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பு நாங்கள் எல்லோரும் பகலில் நாலைந்து தடவை தெளித்துக்கொண்டிருந்தோம். சூடான விளக்கின் கீழே ஈரம் ஏறினால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். இப்போது நான் செய்வது இப்படி. விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டு நிமிடம் தெளிப்பான் ஓடும். நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்து மணிவரை ஃபாகர் விட்டு விட்டு ஓடி மூடுபனி இறக்கும், ஈரப்பதம் 80-இலிருந்து 100 வரை போகும். விளக்கு எரிவதற்குச் சற்று முன் மறுபடி இரண்டு நிமிடம் தெளிப்பு. விழிக்கும்போது இலையெல்லாம் துளி நிற்கும், அது வேண்டிய அளவு நக்கிக்கொள்ளும். பிறகு பகல் முழுக்கக் காயவிடுகிறேன், ஈரப்பதம் 30-இலிருந்து 50 வரை இருக்கும். மத்தியானம் ஒருமுறை இலைமேல் சொட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சொட்டுக் குழாய், 15 நிமிடம். தாகம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

ஃபாகரில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அறை குளிர்ந்திருந்தால்தான் அதை ஓட்டலாம். உங்கள் அபார்ட்மென்டில் இரவிலும் 22, 23-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஃபாகரை விட்டுவிட்டு, தெளிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த காற்றுதான் நுரையீரல் நோய்க்கு வழி. ஃபாகரில் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றி, வாரம் ஒருமுறை முழுதாகக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். அழுக்குத் தொட்டியில் வளர்ந்த கிருமியைப் பனியாக்கி அதன் மூக்கில் விடுவதைவிட ஃபாகர் இல்லாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு தண்ணீர் எங்கே போகும்? கூண்டின் அடியில் லேசான சரிவோடு ஒரு தட்டு, அதில் துளை, துளைக்குக் கீழே வாளி. தரையில் ஒன்றும் பரப்பாமல் வெறுமையாக வைத்தால் துடைப்பது சுலபம்.

அடுத்து, உங்கள் குட்டி ஆணா பெண்ணா என்று இன்றே பாருங்கள். பின்காலின் குதிகாலில் சின்ன முள் மாதிரி ஒரு புடைப்பு இருந்தால் ஆண். முட்டையிலிருந்து வரும்போதே அது இருக்கும். இல்லாவிட்டால் பெண், கூண்டில் இன்னொரு ஏற்பாடு வேண்டும். யேமன் பச்சோந்திப் பெண் ஆணையே பார்க்காமலும் முட்டை இடும், அவை பொரியாத முட்டைகள். ஏழெட்டு மாதத்தில்கூட ஆரம்பிக்கலாம். ஓரடி ஆழத்துக்குக் குறையாத ஒரு தொட்டியில், விரலால் குழி தோண்டினால் இடிந்து விழாத பதத்தில் ஈர மணலும் மண்ணும் கலந்து நிரப்பி, கூண்டுக்குள் நிரந்தரமாக வையுங்கள். அது தரையில் இறங்கி அலைய ஆரம்பித்தாலோ மண்ணைக் கிளறினாலோ, கூண்டின் முன்பக்கத்தைத் துணியால் மூடிவிட்டு அந்த அறைக்கே போகாதீர்கள். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடும். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

என் முதல் பச்சோந்தி அப்படித்தான் போனது. பவளம் என்று பெயர் வைத்திருந்தேன். தினமும் வயிறு நிறையப் பூச்சி, வெயில் காயும் கிளையில் 33 டிகிரி. நன்றாக வளர்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதிகச் சூடும் அதிகத் தீனியும் சேர்ந்தால் பெண் உடம்பு ஒரே தடவையில் 60, 70 முட்டை உருவாக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. முட்டைத் தொட்டியும் வைக்கவில்லை. ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு வந்த பெண்களை 26 டிகிரியில், வளர்ந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கும் குறைவாகத் தீனி கொடுத்து வளர்த்தேன். முட்டை எண்ணிக்கை குறைந்தது, ஒருத்தி ஆறு வயதைத் தாண்டினாள்.

தீனியை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கூண்டோடு சேர்ந்த அளவுக்குச் சொல்கிறேன். இந்த வயதில் தினமும் பத்துப் பன்னிரண்டு சின்னக் கிரிக்கெட் பூச்சி, ஒவ்வொன்றும் அதன் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. டுபியா கரப்பான், பட்டுப்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூச்சிக்கு முதல் நாள் கீரையும் கேரட்டும் போடுங்கள். கொடுக்கும் முன் டி3 இல்லாத கால்சியப் பொடியில் லேசாகப் புரட்டுங்கள், மாதம் இரண்டு முறை மட்டும் டி3 கலந்த வைட்டமின் பொடி. உயரத்தில் ஒரு வழுவழுப்பான கிண்ணத்தைக் கட்டி அதில் போட்டால் பூச்சி ஓடாது, அதுவும் நாக்கை வீசிப் பிடிக்கப் பழகும். மிஞ்சிய கிரிக்கெட்டுகளை இரவுக்கு முன் எடுத்துவிடுங்கள், தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்.

ஒரு கூண்டில் ஒன்றுதான். துணைக்கு இன்னொன்று வாங்கலாம் என்ற எண்ணம் மகனுக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தனியாக வாழும் பிராணி இது, இன்னொன்று கண்ணில் படுவதே அதற்குத் தொந்தரவு. கையில் எடுத்துக் கொஞ்சும் பிராணியும் இல்லை. மகனுக்கு நான் தரும் வேலை வேறு. இரவு விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, மங்கிய டார்ச்சில் ஒரே ஒரு நொடி பார்க்கச் சொல்லுங்கள். வெளிறிய பச்சையில், வாலைச் சுருட்டி, தினமும் ஏறக்குறைய அதே கிளையில் தூங்கினால் கூண்டு அதற்குப் பிடித்துவிட்டது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வரட்டும்: எங்கே தூங்கியது, எச்சத்தின் வெள்ளை என்ன நிறம், எத்தனை பூச்சி தின்றது. மருத்துவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளும் இவைதான்.

கடைசியாக ஊர்க் கேள்வி. முதலில், அக்கா மகன் பிடித்தது பச்சோந்திதானா என்று பாருங்கள். ஊரில் பலர் பச்சோந்தி என்று காட்டுவது ஓணானை. ஓணானும் நிறம் மாறும், ஆனால் அதற்குச் சாதாரண விரல்கள், சாட்டை மாதிரி நீள வால், ஓட்டமும் வேகம். பச்சோந்தியின் கண் கூம்பு மாதிரி துருத்தி, இரண்டும் தனித்தனியாகச் சுழலும். வால் சுருளும், நடை காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் தயங்கும். அது உண்மையான பச்சோந்தி என்றால் நம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இந்தியப் பச்சோந்தி. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டில் வளர்ந்தது கூண்டில் பெரும்பாலும் தின்னாமலே செத்துப் போகும். கூண்டில் பிறந்து வளர்ந்த உங்கள் குட்டியோடு அதை ஒப்பிடவே முடியாது. பிடித்த அதே தோட்டத்தில், முள்ளும் இலையும் அடர்ந்த ஒரு மரத்தில் இன்றே விடச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். ஒரு குச்சியை அதன் முன்னங்காலுக்கு எதிரில் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். குச்சியைக் கிளையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதுவாக நடந்து போகும்வரை நிற்கச் சொல்லுங்கள்.